செர்ரி கவுண்டி ராஞ்சருக்கு எது கைகொடுக்கும்: வறட்சி நிவாரணமா, மழைக் காப்பீடா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது செர்ரி கவுண்டி; கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பின்படி மனிதர்கள் 5,455 பேர்தான். மாடுகளோ லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட 6,000 சதுர மைலுக்கு மணல்மேடும் புல்லும். சோளம், சோயா போடுகிறவர்களுக்கு விலை சரிந்தால் அரசு ஈடுகட்டும். புல்லை நம்பி மாடு மேய்க்கிற ராஞ்சருக்கு அந்த வழி இல்லை. வானம் பொய்த்தால் அவருக்கு முக்கியமாக இரண்டு கதவுகள்.

முதல் கதவு எல்.எஃப்.பி. என்கிற மேய்ச்சல் வறட்சி நிவாரணம். 2008 பண்ணைச் சட்டத்தில் வந்து, 2014-இல் நிரந்தரமானது. பிரீமியம் ஒரு பைசா கிடையாது. வியாழக்கிழமைதோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடத்தில் வறட்சியின் அளவைக் காட்டும் கவுண்டியின் நிறம் என்ன என்பதுதான் கேள்வி. மேய்ச்சல் காலத்தில் உச்ச வறட்சியான டி4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து மாதத் தொகை கிடைக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் தீவனச் செலவில் 60 சதவீதம்தான் கணக்கு. ஆக, அதிகபட்சம் வாங்கினாலும் மூன்று மாதத் தீவனத்துக்குத்தான் ஆகும். தகுதி பெறக் குறைந்தபட்சம், இரண்டு படி கீழே உள்ள டி2 அளவு வறட்சி தொடர்ந்து 8 வாரம் இருக்கவேண்டும் என்ற பழைய விதியை 2025-இல் 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை அந்த நிறத்துக்கு வந்தாலே முழுக் கவுண்டிக்கும் தகுதி வந்துவிடும். செர்ரியின் கிழக்கு ஓரத்தில் மணி பத்து என்றால் மேற்கு ஓரத்தில் ஒன்பது, அவ்வளவு அகலம். மேற்கே புல் கருகினால், கிழக்கே முழங்கால் உயரப் புல்லில் மாடு விட்டவரும் விண்ணப்பம் போடலாம். சின்ன கவுண்டிக்காரருக்கு இந்த யோகம் இல்லை.

இரண்டாவது கதவு பி.ஆர்.எஃப். என்கிற மழைக் காப்பீடு. இது காசு கட்டி வாங்குவது. ஆனால் பிரீமியத்தில் 51 முதல் 59 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. டிசம்பர் 1-க்குள் அடுத்த ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டாகவேண்டும். ஆண்டை இரண்டிரண்டு மாதத் துண்டுகளாக வைத்து, எந்தத் துண்டில் எவ்வளவு காப்புத் தொகை என்று ராஞ்சரே பிரித்துக்கொள்கிறார். 90 சதவீதப் பாதுகாப்பு, அதாவது மழை வழக்கத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் என்று எடுத்து, ஒரு துண்டில் 10,000 டாலருக்குக் காப்பு வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அங்கே மழை வழக்கத்தில் 70 சதவீதமே பெய்தால், குறைந்த 20-ஐ 90-ஆல் வகுத்து, அந்தப் பங்காக சுமார் 2,222 டாலர் வரும். அவருடைய வேலியில் தொங்கும் மழைமானி எதைக் காட்டினாலும் செல்லாது; அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் டிகிரி சதுரக் கட்டத்துக்கு அரசு போடும் மழைக் கணக்குதான் பேசும்.

நிவாரணத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. காப்பீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஏக்கர் அதிகம் வைத்திருப்பவருக்கு மானியமும் அதிகம். எனக்கு உறுத்துவது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த மணல்மேட்டுப் புல்லை வளர்ப்பது மே, ஜூன், ஜூலை மழை. ஆனால் நவம்பர்–டிசம்பர் துண்டில் தொகையைப் போடவும் சட்டம் தடுக்கவில்லை. குளிர்கால மழை சொற்பம். கொஞ்சம் ஏறி இறங்கினாலே சதவீதம் எகிறும், அதனால் பணம் வரும் வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. சரி, பணம் வரலாம். புல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. 200 மாடு வைத்திருப்பவராக நான் இருந்தால், நிவாரணத்துக்கு மாட்டுக் கணக்கையும் குத்தகைத் தாளையும் தயாராக வைத்திருப்பேன். அப்புறம் காப்பீட்டை மே–ஜூனிலும் ஜூலை–ஆகஸ்டிலும் பாதிப்பாதி போடுவேன், ஏஜென்ட் குளிர்காலத்தைக் காட்டி எவ்வளவு ஆசை காட்டினாலும்.