திறந்த மயாமி, மூடிய கலிபோர்னியா

1980-இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் படகேறி அமெரிக்கா வந்தார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் மயாமியிலேயே தங்கினார்கள். ஊரின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர் கூலி சரியவில்லை என்றார் பொருளியலாளர் டேவிட் கார்டு. பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களுக்குப் பலத்த அடி என்று இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். அந்த ஏழைகளை மறந்து பேசுவது நியாயமில்லை. வந்தவர்கள் பேசிய ஸ்பானிய மொழி மீதான கோபமோ உடனே வெடித்தது: ஆங்கிலம் தவிர வேறு மொழியை வளர்க்க அரசுப் பணம் கூடாதென்று அதே ஆண்டு நவம்பரில் மயாமி அடங்கிய டேட் கவுண்டி (மாவட்டம்) வாக்களித்தது. 1993-இல்தான் அந்தத் தடை நீங்கியது.

கலிபோர்னியா நேரெதிர். மெக்சிகோ விவசாயக் கூலிகளை வரவழைத்த பிராசெரோ திட்டம் 1964 இறுதியில் நின்றது. உள்ளூர்க் கூலி உயரும் என்று நம்பினார்கள். ஆனால் தக்காளித் தோட்டங்களில் ஆட்களுக்குப் பதில் அறுவடை இயந்திரம் இறங்கியது.