எழுத்தாள நண்பனின் கதையை எப்படி வாசிப்பது: மூன்று வழிகள், ஒரு அலசல்

கதை எழுதுகிற நண்பன் ஒருவன் இருந்தால் அவ்வப்போது "மக்கா, ஒண்ணு எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லு" என்று வந்து நிற்பான். அப்போது மூன்று வழி உண்டு. அவன் வாசிக்க நாம் கேட்பது, பிரதியை வாங்கி நாமே படிப்பது, இல்லையென்றால் "புக்கா வரட்டும்லே, காசு குடுத்தே வாங்குறேன்" என்று நழுவுவது. எனக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை, குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன், ஆனால் மூன்றையும் செய்து பார்த்தாயிற்று.

கேட்பது சுகமான வேலை. டீயும் பழம்பொரியும் வரும். ஆனால் அவன் கண் பாதி நேரம் காகிதத்தில், பாதி நேரம் நம் முகத்தில், கொட்டாவிகூட விட முடியாது. குரலை ஏற்றி இறக்கி வாசிக்கத் தெரிந்தவன் என்றால் சுமாரான பத்தியும் அந்த நேரத்துக்குத் தேறிவிடும். நட்புக்கு நல்லது, கதைக்குப் பெரிய பிரயோஜனமில்லை.

என் ஓட்டு பிரதிக்குத்தான், அதுவும் காகிதத்தில். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தால் நீல டிக் விழுந்த நிமிஷத்திலிருந்து அவன் பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவான், நாமோ பஸ்ஸில் போகும்போது நாலு பக்கம் தள்ளிவிட்டு மறந்திருப்போம். பிரிண்ட் எடுத்து பென்சிலோடு உட்கார்ந்தால் கதையே வேறு. அவன் கதையில் ஒரு பெண் மத்தியான வெயிலில் ரப்பர் வெட்டுகிறாள், பால் பிடிக்கிற சிரட்டை நிறைந்து வழிகிறது. நடக்காத காரியம். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும், அதனால்தானே வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள்! ஓரத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். அவன் அந்தக் காட்சியை அப்படியே விடியக்காலத்துக்கு மாற்றிவிட்டான், லைட் வெளிச்சத்தில் பட்டையும் அவள் கையும் மட்டும் தெரிகிற மாதிரி. "முடிவு சப்பென்று இருக்கு" என்று சொல்லியிருந்தால் ராத்திரி பத்து மணிவரை வாதாடியிருப்பான். நமக்குத் தெரிந்த விவரத்தைச் சொன்னால் வாங்கிக்கொள்கிறான், தீர்ப்புச் சொல்லத்தான் வேறு ஆட்கள் இருக்கிறார்களே.

சொல்கிற இடமும் முக்கியம். நம் பக்கத்தில் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் குறைவு. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, ஆ. மாதவனுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. என் நண்பனுக்கு மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை. ஒரு கஸ்டமருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது போய்க் கதையில் ஓட்டை சொல்லக்கூடாது. கடை அடைத்த பிறகு போங்கள்.

மூன்றாவது வழி, புத்தகமாக வாங்குவது. இருநூறு ரூபாய்ப் புத்தகத்தில், வழக்கமான பத்து சதவீத ராயல்டிக் கணக்குப்படி, அவனுக்கு இருபது ரூபாய். அதுவும் ஒழுங்காக வந்தால். அதனால் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனாலும் வாங்குங்கள், கையெழுத்துப் போட்ட ஓசிப் பிரதியைவிட இது மேல், ஓசியில் வாங்கினால் "படிச்சியா?" என்று கேட்க அவனுக்கு உரிமை வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அச்சான பிறகு பிழையைச் சொல்லி யாருக்கு லாபம்? அந்தக் கட்டத்தில் பிடித்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவதே நல்லது.

பிரதியிலேயே படித்துவிட இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டு விஷயம் அதில் இருக்கும். போன கதையில் என் மாமியார் பேசுகிற பேச்சு அச்சு அசலாக வந்திருந்தது, ஊர்கூட திருவட்டாறுதான். "ஊரையாவது மாத்துலே" என்றேன். அருமனை என்று மாற்றினான். மாமியாருக்கு அங்கே இரண்டு தங்கச்சிமார். மறுபடி சண்டை போட்டதில் இப்போது அந்தக் கிழவியை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் குடிவைத்திருக்கிறான்.