சரள் ரோட்டுக்கு ஃப்ளேர் பார்: 12 டிகிரி போதும்

சைக்கிளுக்கு ஃப்ளேர் வைத்த டிராப் பார், அதாவது கீழே வளைந்து வெளிப்பக்கம் விரிகிற ஹேண்டில், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் டிகிரியைப் பார்த்து மயங்க வேண்டாம். பாளையங்கோட்டையில் கிளம்பி பாதி தூரம் தார் ரோடு, பாதி தூரம் குளத்துக்கரையும் வாய்க்கால் கரையும் என்று ஓட்டுகிற ஆளுக்கு 12 டிகிரி தாராளம், மிஞ்சிப்போனால் 16. அதற்கு மேல் போவது காட்டுப் பாதையிலேயே குடியிருப்பவர்களுக்கு.

நான் மாட்டியிருப்பது சால்சா கம்பெனியின் கவ்பெல் பார். அலுமினியம், 12 டிகிரி ஃப்ளேர், ரீச் (முன்னால் நீளும் தூரம்) 68 மி.மீ., டிராப் (கீழே இறங்கும் ஆழம்) 115 மி.மீ. ஹூட்டில், அதாவது பிரேக் லீவரின் ரப்பர் பிடியில், 42 செ.மீ. அகலம். சாதாரண ரேஸ் சைக்கிள் பாரில் மேலே என்ன அகலமோ கீழேயும் ஏறக்குறைய அதே அகலம்தான். ஃப்ளேர் வைத்ததில் கீழே போகப்போக வெளிப்பக்கம் விரியும். எவ்வளவு விரியும் என்பது டிகிரியை மட்டும் பொறுத்ததல்ல, டிராப் எவ்வளவு ஆழம் என்பதையும் பொறுத்தது. 115 மி.மீ. ஆழத்துக்கு 12 டிகிரி என்றால் கணக்குப்படி ஒரு பக்கத்துக்கு இரண்டரை செ.மீ., ஆக மேலே 42 என்றால் கீழே 47 பக்கம் வரும். அதே 42-இல் 24 டிகிரி, டிராப் 120 என்று எடுத்தால் கீழே 52-ஐத் தாண்டிவிடும். இந்த 10 செ.மீ. கூடுதல் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து வண்ணார்பேட்டையைக் கடக்கும்போதுதான் அது எவ்வளவு என்று புரியும்.

வாங்கும்போது எல்லாரும் குழம்புகிற இடம் இந்த அகலக் கணக்குதான். சில கம்பெனிகள் ஹூட்டில் அளந்து போடுகின்றன, சில கீழ்முனையில் அளந்து போடுகின்றன, குழாயின் நடுவிலிருந்து நடுவா வெளி விளிம்பிலிருந்து விளிம்பா என்பதிலும் ஒற்றுமை கிடையாது. உங்கள் தோள் அகலத்துக்கு ஹூட் அகலத்தைத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி நேரம் கை இருக்கப்போவது அங்கேதான். கீழே விரிவது அதுபாட்டுக்கு விரியட்டும். ஃப்ளேர் பார்தானே என்று ஒரு சைஸ் கூட்டி 44, 46 என்று வாங்கினால் மேலேயும் கை விரிந்து, நாங்குநேரி தாண்டுவதற்குள் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும்.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? கூந்தன்குளம் பக்கம் குளத்துக்கரை மேல் போகிற பாதையில் நல்ல சரள் கிடக்கும், மழைக்குப் பிறகு மாட்டுவண்டித் தடம் வேறு. ஃப்ளேர் இல்லாத பழைய நேர் டிராப் பாரில் அந்த மாதிரி இடத்தில் ஹூட்டைப் பிடித்துக்கொண்டு போனால் முன்சக்கரம் கல்லில் வழுக்கும்போது கை தெறிக்கும், டிராப்பில், அதாவது கீழ் வளைவில், பிடித்தால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பவே இடமிருக்காது. ஃப்ளேரில் டிராப்பைப் பிடித்தால் கை இயல்பாக வெளியே வந்து நிற்கிறது, மணிக்கட்டு பாரின் மேல் குழாயில் இடிப்பதில்லை, முன்சக்கரத்தை ஒரு வசத்தில் வைத்திருக்க முடிகிறது. கன்னடியன் கால்வாய்க் கரையில் சேரன்மகாதேவிப் பக்கம் போனாலும் இதே கதை. இதில் முக்கியமானது டிகிரி அல்ல, 115 மி.மீ. டிராப் ஆழம் கம்மி என்பதுதான். முதுகு வளையாத என்னைப் போன்றவர்களுக்கும் கீழே குனிந்து பிடிக்க எட்டுகிறது, அதனால்தான் டிராப்பை உண்மையிலேயே பயன்படுத்துகிறோம். எத்தனையோ பேர் டிராப் பார் சைக்கிள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கீழ்ப்பக்கத்தைத் தொட்டதே இல்லை.

அப்புறம் காற்று. நம்ம பக்கம் பார் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் முழுக்க அடிக்கும், காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டது சும்மா இல்லை. நாலுவழிச்சாலையில் தெற்கே போனால் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். லாரி ஒன்று நம்மைத் தாண்டும்போது அது காற்றை மறைத்துக்கொள்ளும், அதுவரை காற்றுக்குச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நாம் லாரிப் பக்கமாக இழுபடுவோம், லாரி போன மறு நொடி காற்று திரும்ப வந்து ரோட்டோரத்துக்குத் தள்ளும். அந்த இரண்டு இழுப்பையும் தாங்க கை அகலமாக இருப்பது பெரிய உதவி. எதிர்காற்றில் ஹூட்டைப் பிடித்து முழங்கையை மடக்கினால் உடம்பு ஒடுங்கிவிடும், பக்கக்காற்றில் டிராப்புக்கு இறங்கினால் பிடி விரியும். நேர் பாரில் அகலமாக வாங்கினால் எதிர்காற்றில் அடி வாங்குவோம், ஒடுக்கமாக வாங்கினால் பக்கக்காற்றில் ஆடுவோம். மேலே ஒடுக்கம் கீழே அகலம் என்பதுதான் ஆடிக்காற்றுக்குச் சரியான அமைப்பு.

ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு எஸ் வளைவில் இறங்கும்போதும் டிராப்தான். லீவரின் நுனியில் விரல் விழுவதால் குறைந்த அழுத்தத்திலேயே பிரேக் பிடிக்கிறது, ஹூட்டிலிருந்து பிடிக்கிற மாதிரி விரல் ஓய்ந்துபோவதில்லை.

சால்சாவின் 24 டிகிரி பாரான கவ்சிப்பரை மாட்டிய நண்பரின் சைக்கிளையும் ஓட்டிப் பார்த்தேன். சரளில், மணலில், அது கவ்பெல்லை விட உறுதி, மறுக்கவே மாட்டேன். உவரி, திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணலில் அடிக்கடி உருட்டுகிறவர்கள் அதையே வாங்கலாம். ஆனால் அவ்வளவு ஃப்ளேரில் பிரேக் லீவரும் சேர்ந்து சாய்ந்துவிடும், ஹூட்டின் தலை உள்பக்கம் பார்க்கும், தார் ரோட்டில் நீண்ட நேரம் போனால் மணிக்கட்டில் ஒரு முறுக்கு இருந்துகொண்டே இருக்கிறது. ஷிமானோ 2019-இல் கொண்டுவந்த ஜிஆர்எக்ஸ் லீவர்கள் இந்த மாதிரிச் சாய்வையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, அவற்றோடு பரவாயில்லை. பழைய ரோடு லீவர் வைத்திருப்பவர்கள் 16-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குறை சொல்ல வேண்டுமானால், கவ்பெல்லின் மேல் குழாய் உருண்டையாகத்தான் இருக்கிறது, தட்டையாக இல்லை. ஏற்றத்தில் உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு மரத்துப்போகலாம், கொஞ்சம் தடித்த டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அகலமான பார் வாங்கினால் டேப்பும் கூடுதலாக வேண்டும், சிக்கனமாக வருகிற டேப் ரோல் மேல் குழாய்க்கு வந்து சேருவதற்குள் தீர்ந்துவிடும். இன்னொன்று, இது எல்லா அலுமினியப் பாருக்கும் பொருந்தும்: நம்ம வெயிலில் வியர்வை டேப்புக்குள் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டேப்பை உரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள், குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

நான் விசாரித்த உள்ளூர்க் கடைகளில் இந்த வகை பார் இல்லை, வரவழைத்துத்தான் வாங்கினேன். இணையத்தில் விற்ற ஆள் முதலில் 46-ஐ அனுப்பி வைத்து, திருப்பி எடுக்க இழுத்தடித்தார், ஆகவே பெட்டியைப் பிரித்ததும் அளவு டேப் வைத்து அளந்துவிடுங்கள். மாட்டியது எங்கள் தெரு மெக்கானிக். "இதென்ன அண்ணாச்சி, கிடாக் கொம்பைக் கொண்டாந்து மாட்டச் சொல்லுதீய" என்று சிரித்தாலும் வேலை சுத்தம், கேபிள் நீளத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் ஆணிகளை மட்டும் நான் முறுக்கின் அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் கொண்டுபோய் ஸ்டெம்மில் எழுதியிருந்தபடி 5 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொன்னேன். ஸ்டெம் 31.8 மி.மீ. பாருக்கானதா என்று முதலில் பாருங்கள், விலை குறைந்த சைக்கிள்களில் 25.4 இருக்கும், அதில் இது உட்காராது.

நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட்டில், எம்.டி.பி என்கிற மலை சைக்கிளில் மாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாட்டாதீர்கள். நேர் ஹேண்டிலின் லீவர்கள் 22.2 மி.மீ. குழாய்க்கானவை, டிராப் பார் குழாய் 23.8, ஏறாது. ரோடு லீவர் வாங்கி மாட்டினாலும் அது இழுக்கிற கேபிள் நீளம் அந்த சைக்கிள்களில் வருகிற வி-பிரேக்குக்குப் பத்தாது, பிரேக் மெத்தென்று பேருக்குத்தான் பிடிக்கும். போதாததற்கு அந்த ஃப்ரேம்கள் நீளமானவை, டிராப் பாரின் ரீச்சும் சேர்ந்தால் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். லீவர், ஷிஃப்டர், பிரேக், ஸ்டெம் எல்லாம் மாற்றுகிற காசுக்குப் பழைய ரோடு சைக்கிள் ஒன்றே வாங்கிவிடலாம், அகலமான டயர் நுழைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.