டிஷ்ஷைத் திருத்தியவர்களுக்கு முழு மதிப்பெண், ரிப்போர்ட்டுக்கு இல்லை

செயற்கைக்கோளோடு பேசும் எங்கள் 9 மீட்டர் டிஷ் ஆன்டெனா இதுவரை கேயூ என்ற அலைவரிசையில் (பேண்ட்) மட்டும்தான் ஓடியது. அதைவிட அதிர்வெண் கூடிய கேஏ பேண்டையும் சேர்க்கும் முன் டிஷ்ஷின் பரப்பைச் சரிசெய்து, கூடவே கேயூவில் ஒரு பேட்டர்ன் டெஸ்டும் (எந்தத் திசையில் எவ்வளவு சிக்னல் போகிறது என்ற சோதனை) எடுக்க ஒரு நிறுவனத்தை அழைத்தோம். முதல் வேலைக்கு அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம். இரண்டாவதற்குக் கூப்பிட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். பகலில் டிஷ்ஷைத் தொடவே இல்லை. வெயிலில் ஒரு பக்கம் மட்டும் சூடேறி சட்டம் நெளிந்திருக்கும், அப்போது அளந்து பயனில்லை என்றார்கள். இருட்டிய பிறகு பேனல்கள் முழுக்க ஒளியைத் திருப்பியடிக்கும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டி, லிஃப்ட் கூடையில் ஏறிச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். அதுவும் டிஷ்ஷை அண்ணாந்து நிறுத்தி அல்ல, எங்கள் செயற்கைக்கோள் இருக்கும் 60 டிகிரி எலிவேஷனிலேயே (அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்). கோணம் மாறினால் டிஷ் தன் எடையாலேயே வேறு மாதிரி தொய்யும். இதை நாங்கள் சொல்லாமலே செய்தார்கள்.

முதல் அளவில் ஆர்எம்எஸ் பிழை, அதாவது சரியான வடிவிலிருந்து பரப்பு சராசரியாக விலகும் அளவு, 0.62 மி.மீ. கேயூவின் 14 கிகாஹெர்ட்ஸில் இதனால் சிக்னலில் போவது 0.6 டெசிபெல்தான், அதனால்தான் இத்தனை வருடம் எங்கள் கண்ணில் படவில்லை. கேஏவின் 30 கிகாஹெர்ட்ஸில் அதே பிழை 2.6 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஒவ்வொரு பேனலின் பின்னாலும் உள்ள திருகுகளை டயல் கேஜ் வைத்து ஒருவர் திருப்பினார். லாக் நட்டை இறுக்கியதும் கேஜை மறுபடி பார்ப்பார். இறுக்கும்போதே பேனல் இம்மியளவு நகரும், முள்ளும் அசையும். அசைந்தால் நட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. இரண்டு இரவுகள் இப்படியே. கடைசி அளவு 0.31 மி.மீ. அந்த மனிதரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அப்புறம் பேட்டர்ன் டெஸ்ட். இந்த அளவு டிஷ்ஷுக்குத் தரையில் ஏழரை கிலோமீட்டர் தள்ளி சோதனைக் கோபுரம் வேண்டும், அதனால் செயற்கைக்கோள் வழியாகத்தான். நாங்கள் கேரியர் (வெறும் சிக்னல்) அனுப்ப, எதிர்நிலையம் அளக்க, டிஷ் அசிமுத்தில், அதாவது பக்கவாட்டில், மெல்லத் திரும்பியது. ரிப்போர்ட் வந்தது: சைட்லோப் (நேர்த்திசைக்கு வெளியே கசியும் சிக்னல்) வரம்பை மீறுகிறது, தோல்வி. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் வரைபடத்தை மறுபடி பார்த்தபோது மெயின் லோப் (நேர்த்திசையில் போகும் முக்கியக் கற்றை) இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு அகலமாக இருந்தது. அசிமுத் என்கோடர் காட்டிய கோணத்தை எலிவேஷனின் கொசைனால் பெருக்காமல் அப்படியே வரைந்திருக்கிறார்கள். 60 டிகிரியில் கொசைன் பாதி, அதனால் வரைபடத்தில் கோணமெல்லாம் இரட்டிப்பாகிவிட்டது. சைட்லோப்புக்கான வரம்பு 29 கழித்தல் 25 லாக் தீட்டா, தீட்டா என்பது நேர்த்திசையிலிருந்து விலகும் கோணம்; அது இரட்டித்தால் வரம்பு 7.5 டெசிபெல் இறங்கிவிடும். நல்ல ஆன்டெனா தோற்காமல் என்ன செய்யும்?

சொன்னதும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு நாளில் திருத்திய ரிப்போர்ட் வந்தது, ஆன்டெனா பாஸ். கேஏ டெஸ்டுக்கும் இவர்களைத்தான் அழைக்கிறேன். இந்த முறை திருத்தாத மூல அளவுகளையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டேன்.