கழுகுமலை: வெட்டுவான் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. இப்போது தூத்துக்குடி மாவட்டம்; 1986க்கு முன்னால் நெல்லை மாவட்டம்தான். கரிசல் காட்டு நடுவே மொட்டைப் பாறையாகக் கிடக்கிற மலை. ஏற்றம் பெரிதில்லை, வெயில்தான் பெரிது. பங்குனி, சித்திரையில் பத்து மணிக்குமேல் பாறை தோசைக்கல்லாகக் காயும். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பார்த்தால் பையோடு போய்விடும்.

போக நல்ல நேரம், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த மார்கழி, தை. பாறை இடுக்கில் கொஞ்சம் மண் தேங்கிய இடமெல்லாம் அப்போதுதான் பூக்கும். விஷ்ணுகிரந்தியின் நீலப் பூ சட்டைப் பித்தான் அளவுகூட இராது. தரையோடு படர்வதால் குனிந்தால்தான் கண்ணில் படும். ஓரிதழ் தாமரைக்குப் பேருக்கேற்றபடி ரோஸ் நிறத்தில் ஒரே ஒரு பெரிய இதழ். இரண்டுமே காலைப் பூக்கள். மதியம் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று குறைப்பட்டுப் பயனில்லை. ஆவாரையும் தும்பையும் எந்நேரமும் உண்டு. ஆனால் மழை பெய்த மறுநாள் போகக் கூடாது. பாறையில் கறுப்பாகத் தெரிகிற பாசி ஈரம் பட்டால் வழுக்கும், தேய்ந்த செருப்பு நிற்காது.

வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிலும் சுமார் 25 அடி ஆழம் வெட்டி இறக்கி, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிகரமும் பூதகணங்களும் நந்திகளும் முடிந்துவிட்டன, அடிப்பகுதி முடியவில்லை. அந்த முடியாத பாதிதான் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. தெற்கு முகத்தில் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைத் தவறவிடாதீர்கள். எதிர்ப்பாறை மேலிருந்து பார்த்தால் சிகரம் கண்மட்டத்தில் வரும். கீழே இறங்கி அண்ணாந்து பார்ப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

பெரும்பாலோர் இங்கே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலையின் உண்மையான சொத்து சமணச் சிற்பங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணர்கள் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்கள். முதலில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். தனித்து நிற்பவற்றைத் தேடிப் பிடித்தால் கண் பழகிவிடும்: ஐந்தலை நாகம் குடைபிடிக்கிற பார்சுவநாதர், காலில் கொடி சுற்றிய சமணத் துறவி பாகுபலி, சிங்கத்தோடு நிற்கிற சமணப் பெண் தெய்வம் அம்பிகை. பாகுபலிக்கு இரு பக்கமும் நிற்கிற பெண்கள் அவருடைய சகோதரிகள்.

சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் வரிகள் உண்டு. இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்கிற பாணியில், கொடுத்தவர் பெயர். குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களும் இதில் வருகிறார்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. சாய்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டு நிழலாக எழும்பும். எழுத்தை எடுத்துக்காட்ட விரலால் தேய்ப்பதும் சாக்பீஸ் பூசுவதும் வேண்டாம்.

உச்சியில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதற்குச் செங்குத்தான பாறையில் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் சமணச் சிற்பங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். நடை சாத்துவதற்கு முன்னால் இறங்கினால் அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்கிற முருகன் தரிசனமும் ஆகிவிடும். அது மலையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் என்பதால் கருவறையைச் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். பௌர்ணமிக்கு அந்தக் கூட்டம் வரும். சிற்பம் பார்க்க வருகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.