சனிக்கிழமை பிற்பகலில் பீத்தோவன்: ஓர் இசை ரசனை வகுப்பு, சேரலாமா?

சென்னையில் மேற்கத்திய இசை வாசிக்கக் கற்றுக்கொள்ள இடத்துக்குக் குறைவில்லை. கீபோர்டு, கிடார், வயலின், டிரினிட்டி கிரேடு பரீட்சை என்று பேட்டைக்குப் பேட்டை வகுப்பு நடக்கிறது. ஆனால் நான் வாசிக்கப் போவதில்லை, பாடவும் போவதில்லை, உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்க மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று போய் நின்றால் கைகாட்ட ஆளில்லை. அதனால்தான் ஊருக்கு நடுவில் இருக்கும் ஒரு பழைய கல்லூரி, வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் நடத்தும் அறிமுக வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கல்லூரியின் பெயர் வேண்டாம். இதே மாதிரி வகுப்பு வேறு எங்காவது தொடங்கினாலும் எதைக் கவனித்துச் சேர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ஆசிரியைக்காகவே சேரலாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரி செய்து கொடுத்திருக்கும் வசதிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வகுப்பில் பாதிப் பேர் கிரெடிட்டுக்காக வந்த பி.காம், பி.எஸ்சி பிள்ளைகள். மீதிப் பேர் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள்: ரிட்டயரான வங்கிக்காரர்கள், சர்ச் க்வயரில் (பாடகர் குழுவில்) ஆல்ட்டோ என்ற நடுக்குரல் பாடும் ஒரு அக்கா, கர்னாடக வயலின் கற்கும் ஒரு பையன், 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பனி நடத்தியதைப் பார்த்து 'சிம்பனி என்றால் சரியாக என்னதான்?' என்று தெரிந்துகொள்ள வந்த இரண்டு மூன்று பேர். நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, யாரும் வாத்தியம் கொண்டுவர வேண்டியதில்லை.

இந்த வகுப்பின் பெரிய பலம், அந்த மேடம் சென்னைக் காதுகளுக்கு எது வரும், எது வராது என்று தெரிந்து வைத்திருப்பது. நமக்கு ராகம் பழக்கம். மேற்கத்திய ஸ்வர வரிசைகளில் மேஜர் ஸ்கேல் என்றால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி என்று யாராவது சொன்னவுடன் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றிவிடும். மேடம் அங்கேயே நிறுத்துகிறார். ஸ்வரங்கள் ஒன்றுதான், ஆனால் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லை, ராகத்துக்கே உரிய பிடிகள் இல்லை, அதனால் அது ராகம் ஆகாது. அதைவிட முக்கியமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது என்கிறார். நம் கச்சேரியில் தம்புரா ஆரம்பித்தால் மங்களம் வரைக்கும் ஸட்ஜம் அசையாது. எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல அங்கங்களாக எழுதும் பெரிய படைப்பான சிம்பனியில் அந்த ஆதார ஸட்ஜமே இடம் மாறும். மாறுவது மட்டுமல்ல, எப்போது கிளம்புகிறது, எங்கே போகிறது, எப்படித் திரும்பி வீட்டுக்கு வருகிறது என்பதுதான் அங்கே கதையே. நம் வித்வான்கள் எப்போதாவது கிரகபேதம் (ஸட்ஜத்தை வேறு ஸ்வரத்துக்கு மாற்றி வேறு ராகம் வரவழைப்பது) செய்து காட்டினால் சபாவில் கைதட்டல் வருகிறதே, அந்த ஒரு நிமிஷ வித்தையைத்தான் அவர்கள் அரை மணி நேரப் படைப்பின் முதுகெலும்பாகவே வைத்திருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு இந்த இசை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தாண்டி எதுவும் சொல்லத் தெரியாது.

இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் அருமை. டைட்டன் வாட்ச் விளம்பர மெட்டு நினைவிருக்கிறதா? அது மொசார்ட்டின் 25ஆவது சிம்பனி. 1773இல் எழுதினார், அப்போது அவருக்கு வயது 17. விளம்பரத்தில் அந்த ஆரம்ப மெட்டு மட்டும்தான் நம் காதில் விழுந்தது. வகுப்பில்தான் முதல் மூவ்மென்ட் (சிம்பனியின் ஓர் அங்கம்) முழுவதையும் போட்டுக் காட்டினார்கள். ஜி மைனரில் (ஜி என்ற ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்த மைனரில்) படபடவென்று தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் பி ஃப்ளாட் மேஜருக்குப் போய்விடுகிறது. நம் கணக்கில் சொன்னால் நடபைரவியின் காந்தாரத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் சங்கராபரணம் கிடைக்குமே, அதே பயணம். வயலின் பையன் இதைக் கேட்டதும் எழுந்து நின்று வகுப்பு முழுவதற்கும் பாடியே காட்டினான். அப்புறம் அந்த மேஜர் பகுதியில் வந்த மெட்டு கடைசியில் திரும்பி வரும்போது மேஜரில் வராமல் ஜி மைனரிலேயே வருகிறது. சிரித்துக்கொண்டே வந்த அதே மெட்டு இப்போது முகம் வாடி வருகிறது. முதல் தடவை அதைக் கேட்டு ஞாபகம் வைத்திருந்தால்தான் இரண்டாம் தடவை அந்த வாட்டம் புரியும். ரெக்கார்டு இல்லாத காலத்தில் முதல் பகுதியை அப்படியே இரண்டு தடவை வாசிக்கும் வழக்கம் வைத்திருந்ததற்கு இது ஒரு நல்ல காரணம் என்று மேடம் சொன்னபோது, அந்தத் திருப்பிப்போடுதல் எனக்கு அலுப்பாகத் தெரிவது நின்றுபோனது.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனிக்குப் பல வாரங்கள் கொடுத்தார்கள், அது சரியான முடிவு. மூன்று குறில், ஒரு நெடில் என்று வரும் அந்தத் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். முதல் மூவ்மென்டில் இரண்டாவது மெட்டை அறிவிப்பது ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம். கம்பீரமான ஓர் அழைப்பு. பிற்பாதியில் அதே அழைப்பு வேறு கீயில் (வேறு ஸட்ஜத்தில்) திரும்ப வர வேண்டும், ஆனால் அங்கே அதை வாசிப்பது பசூன் என்ற மரக் குழல் வாத்தியம். காரணம், அந்தக் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. எந்தக் கீக்கான குழாயை மாட்டியிருக்கிறார்களோ அதற்கு இயல்பாக வரும் ஸ்வரங்கள்தான் சுத்தமாகப் பேசும், நடுவில் கழற்றி மாற்ற அவகாசமும் இல்லை. பிற்காலத்தில் எல்லா ஸ்வரமும் வாசிக்க வழிசெய்த வால்வு வந்ததும், ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் கண்டக்டர்கள் பலர் பீத்தோவன் விரும்பியிருப்பது இதுதான் என்று அந்த இடத்தை ஹார்னுக்கே கொடுத்துவிட்டார்கள். மேடம் இரண்டு வகைப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையே நடந்தது. எனக்குப் பசூன்தான். அந்தக் கரகரப்பில் ஓர் இயலாமை இருக்கிறது, அது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

இந்த சிம்பனி முதன்முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22ஆம் தேதி, வியன்னாவில். நம் ஊரில் சீசன் உச்சத்தில் இருக்கும் தேதி. ஐந்தாவது, ஆறாவது சிம்பனி, ஒரு பியானோ கான்செர்ட்டோ, இன்னும் பல என்று சுமார் நான்கு மணி நேரம், குளிர் நடுக்கும் அரங்கில், சரியாக ஒத்திகைகூடப் பார்க்காத ஆர்கெஸ்ட்ராவோடு நடந்திருக்கிறது. ஒரு படைப்பில் நடுவில் தடுமாறி நிறுத்தி, மறுபடியும் வாசித்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தகவல்களை அவர் சும்மா துணுக்காக உதிர்ப்பதில்லை. இவ்வளவு புதிய ஒன்றை அந்த நிலைமையில் முதல் தடவை கேட்டவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கும் என்று நம்மை யோசிக்க வைக்கிறார்.

இப்போது என் பெரிய கோபத்துக்கு வருகிறேன். மூன்றாவது மூவ்மென்ட் முடிந்து நான்காவதுக்குப் போகும்போது இடைவெளி கிடையாது. வயலின்கள் மெல்ல முனகிக்கொண்டிருக்க, அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு தட்டிக்கொண்டே இருக்கும். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். சட்டென்று மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சி மேஜரில் வெடிக்கும். இந்த சிம்பனியில் அதுவரை வாயே திறக்காத டிராம்போன், பிக்கலோ, கான்ட்ராபசூன் என்ற ஊதுவாத்தியங்கள் எல்லாம் அங்கேதான் நுழைகின்றன. உலகத்தின் மிகச் சிறந்த இசைத் தருணங்களில் ஒன்று. எங்கள் வகுப்பில் சரியாக அந்த இடத்தில் ஒரு வீட்டுமனை விளம்பரம் ஓடியது. ஏனென்றால் கல்லூரி ஒரு சிடி கூட வாங்கித் தரவில்லை, இணையத்தில் இலவசமாக ஓடும் வீடியோவைத்தான் போடச் சொல்லியிருக்கிறது. மேடத்தின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் இசை வகுப்பில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

ஸ்பீக்கர் இன்னொரு கதை. பவர்பாயின்ட் பேச்சுக்காகச் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டிகள். 'மேலே ஓடும் மெட்டை விடுங்கள், கீழே பேஸ் (கீழ் ஸ்தாயி வரிசை) என்ன செய்கிறது கேளுங்கள்' என்பதுதான் இந்த வகுப்பில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பாகல்பெல் எழுதிய 'கேனன்' என்ற படைப்பில் எட்டே ஸ்வரம் கொண்ட ஒரு பேஸ் வரிசை 28 தடவை அப்படியே திரும்ப வருகிறது, மேலே மூன்று வயலின்களும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ராஜாவின் பேஸ் கிடாரைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதைக் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகளில் டபுள் பேஸ் இருப்பதே தெரியாது, செல்லோ தூரத்தில் யாரோ இருமுவது போலக் கேட்கிறது. பாடம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அதே ஹாலின் மூலையில் ஒரு நல்ல பியானோ துணி போர்த்திப் பூட்டிக் கிடக்கிறது. சென்னையின் ஈரக் காற்றுக்கு அதை அடிக்கடி ட்யூன் செய்ய வேண்டும்தான், செலவுதான். ஆனால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) நேரில் அழுத்திக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் புரிவதைப் படம் போட்டு விளக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

பாக் எழுதிய ஃபியூகு (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வடிவம்) பற்றிய வகுப்பு இந்தக் குறைகளை எல்லாம் தாண்டி நன்றாக இருந்தது, அதற்குக் காரணம் அந்த ஆல்ட்டோ அக்கா. ஜி மைனர் ஆர்கன் ஃபியூகில், 'குட்டி ஃபியூகு' என்பார்களே அதில், ஒரே மெட்டு உச்சக் குரலில் தொடங்கி ஒவ்வொரு குரலாகக் கீழே இறங்கி, கடைசியில் காலால் மிதித்து வாசிக்கும் பெடலுக்கு வருகிறது. நாலு குரலையும் ஒரே நேரத்தில் பின்தொடர எங்களுக்குத் திணறியது. சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஹாண்டெலின் அல்லேலூயா பாடிப் பாடி நடுக்குரலிலேயே வாழ்ந்தவர் என்பதால் அவர் மட்டும் உடனே பிடித்துக்கொண்டார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தார்.

பாடத்திட்டத்தில் எனக்கு மூன்று வருத்தங்கள் உண்டு. ஓபராவை ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்கள். 1900க்கு அப்புறம் வந்ததெல்லாம் கடைசி நேர ஓட்டம்: 1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே அரங்கில் கலாட்டாவையே கிளப்பியது என்ற சம்பவம் வந்தது, ஆனால் அந்த இசை தொடங்கும் உச்ச ஸ்தாயி பசூனை நிதானமாகக் கேட்க நேரமில்லை. கிளாரா ஷூமன், ஃபேனி மெண்டல்சன் என்ற இரண்டு பெண் இசையமைப்பாளர்களும் ஒருவரின் மனைவி, ஒருவரின் அக்கா என்ற அளவில்தான் வந்தார்கள், அவர்கள் எழுதிய ஒரு வரி கூட ஒலிக்கவில்லை. இந்தப் பாடத்திட்டத்தை மாற்ற ஆசிரியைக்கு அனுமதி இல்லையாம்.

இன்னொன்று, சென்னையில் நடக்கும் வகுப்பில் சென்னையே இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் இங்கே மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதி நோட்டுஸ்வரங்களாக்கினார். பிரிட்டனின் 'காட் சேவ் த கிங்' மெட்டுதான் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இலேயே தொடங்கிவிட்டது, இன்றும் அதன் க்வயர் பாடுகிறது. முதல் வகுப்பை நோட்டுஸ்வரத்தில் தொடங்கியிருந்தால் 'இது நம்ம இசை இல்லையே' என்று தயங்கி நின்ற பி.காம் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் உள்ளே வந்திருப்பார்கள்! ஒரு கச்சேரிக்காவது நேரில் அழைத்துப் போயிருக்கலாம். மூவ்மென்டுகளுக்கு நடுவில் கைதட்டக்கூடாது என்ற விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள், தட்டாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு வாய்ப்பு தரவில்லை. (அந்த விதியும் பிற்காலத்தில் வந்ததுதான். 1778இல் பாரிஸில் தன் சிம்பனிக்கு நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதை மொசார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். நம் சபா ரசிகர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.)

பரீட்சை மோசம். கேட்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பின் பரீட்சையில் ஒரு நொடி இசை கூட ஒலிக்கவில்லை. பாக் பிறந்த ஆண்டு என்ன, அதே ஆண்டில் பிறந்த இன்னொருவர் யார் என்று கேள்வி. 1685, ஹாண்டெல். சரி, எழுதியாயிற்று. இரண்டு நிமிஷத் துண்டு ஒன்றைப் போட்டு, ஸட்ஜம் எங்கே நகர்ந்தது என்று கேட்டிருந்தால் மேடம் செமஸ்டர் முழுக்கப் பட்ட பாட்டுக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

சேர நினைப்பவர்களுக்கு: ஒரு செமஸ்டருக்கான கட்டணம் நியாயமானதுதான், சென்னையில் ஒரு கீபோர்டு வகுப்புக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. நல்ல ஹெட்போன் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் போட்டதை அன்று இரவே வீட்டில் மறுபடி முழுதாகக் கேளுங்கள், அப்போதுதான் பேஸ் கிடைக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் க்ரெய்க் ரைட் நடத்திய இசை கேட்கும் வகுப்பின் 2008ஆம் ஆண்டுப் பதிவுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, கூடவே பாருங்கள். அவர் பியானோவில் உட்கார்ந்து வாசித்தே காட்டுவார். ஆனால் நடபைரவியிலிருந்து சங்கராபரணத்துக்கு அவர் அழைத்துப் போக மாட்டார், அதற்கு எங்கள் மேடம்தான். அடுத்த பேட்ச் சேர்க்கையின்போது அலுவலகத்தில் ஃபார்ம் வாங்கும் ஒவ்வொருவரும் இரண்டே கேள்வி கேளுங்கள்: பியானோ பூட்டைத் திறப்பீர்களா, விளம்பரம் வராத பதிவுகளை வாங்கித் தருவீர்களா? நான் எழுத்துமூலமாகக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. பத்துப் பேர் கேட்டால் வரும்.