தனிநபர் கடன் தேடும் லிமிடெட் கம்பெனி கான்ட்ராக்டர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1,140 பவுண்டு போய்விட்டது

இங்கிலாந்தில் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்துக் கான்ட்ராக்டராக வேலை செய்யும் தமிழர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள். கான்ட்ராக்டர்களுக்கென்றே கடன் ஏற்பாடு செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையவழித் தரகு நிறுவனத்திடம் 1,140 பவுண்டு இழந்திருக்கிறேன். கேட்ட கடனும் கிடைக்கவில்லை, கொடுத்த பணமும் திரும்பவில்லை. பணத்தைத் தர முடியாது என்று அவர்கள் எழுதிய முடிவான மின்னஞ்சல் இன்று காலைதான் வந்தது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்டவர்களிடம் சிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

நம்மைப் போன்றவர்களின் சிக்கல் உங்களுக்குத் தெரியாததல்ல. வருமான வரி விலக்கு வரம்பான 12,570 பவுண்டைச் சம்பளமாகவும், வீட்டுச் செலவுக்குத் தேவையானதை டிவிடெண்டாகவும் எடுத்துக்கொண்டு, மிச்ச லாபத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைக்கிறோம். வரிக் கணக்குக்கு இது முறையான ஏற்பாடு. ஆனால் கடன் விண்ணப்பத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு என்ற கட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு என்று எழுத வேண்டியிருக்கிறது. இயக்குநர் என்றதும் வங்கிகள் நம்மைச் சுயதொழில் செய்பவராகக் கருதி, வரித் துறையான எச்எம்ஆர்சி தரும் எஸ்ஏ302 வரிக் கணக்கைப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குக் கேட்கின்றன. நிரந்தர வேலையை விட்டு நான் கம்பெனி தொடங்கி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்பதால் என்னிடம் ஓர் ஆண்டுக்கான தாள்தான் இருந்தது. மழை ஒழுகும் கூரையை மாற்ற 15,000 பவுண்டு தேவைப்பட்ட நேரத்தில், சம்பளக்காரராக இருந்தபோது விரும்பி விரும்பிக் கடன் தர வந்த என் வங்கியே மறுத்துவிட்டது.

இந்தத் தரகு நிறுவனத்தின் பக்கத்தில் என் விவரங்களைப் பதிந்த அன்றே அழைப்பு வந்தது. பேசியவர் தமிழர். என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, அண்ணா என்று கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். அவர் தமிழில் பேசியதைவிட, என் தொழிலின் கணக்கை விளக்காமலே புரிந்துகொண்டதுதான் என்னை நம்ப வைத்தது. பேஸ்லிப் கேட்கவில்லை. "டே ரேட் எவ்வளவுண்ணா?" என்றார். 450 என்றேன். அதை வாரத்துக்கு ஐந்து நாளால் பெருக்கி, ஆண்டுக்கு 46 வாரமாகக் கணக்கிட்டு, 1,03,500 பவுண்டு வருமானமாகக் காட்டலாம் என்று அங்கேயே சொன்னார். கான்ட்ராக்டரை ஊழியராகக் கருதி வரி விதிக்கும் ஐஆர்35 விதிக்கு என் கான்ட்ராக்ட் உள்ளே வருகிறதா, வெளியே வருகிறதா என்றும் தவறாமல் கேட்டார். நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ பதிவேட்டில் தங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பார்த்தேன், இருந்தது. பல வங்கிகளில் முட்டி மோதிய பிறகு, என் உழைப்பின் மதிப்பை ஒருவர் சரியாகச் சொல்கிறார் என்ற நிம்மதி எனக்கு உண்டானது. அந்த நிம்மதியைத்தான் இவர்கள் விலைபேசுகிறார்கள்.

மாலையில் மின்னொப்பமிட ஓர் ஒப்பந்தம் வந்தது. அதில் வாடிக்கையாளர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதிலாகக் கம்பெனியின் பெயர் இருந்தது. ஏன் என்று கேட்டேன். வருமானம் கம்பெனி வழியாக வருவதால் ஆவணத்தில் அப்படித்தான் இருக்கும், கடன் உங்கள் பெயரில்தான் வரும் என்று தெளிவாகச் சொன்னார். கட்டணம் 950 பவுண்டு, அதற்கு 20 சதவீத வாட் 190 பவுண்டு, ஆக 1,140. கார்டில் கட்டினால் கோப்பு நகரத் தாமதமாகும் என்று சொல்லி, கம்பெனிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பச் செய்தார்.

அதன்பின் வந்தது நான் கேட்ட தனிநபர் கடனே அல்ல. கம்பெனியின் பெயரில் வணிகக் கடன், அதற்கு இயக்குநரின் சொந்த ஜாமீன், எந்த வங்கியின் தனிநபர் கடனிலும் நான் கண்டிராத வட்டி. அந்தப் பணத்தைக் கூரைக்காக நான் எடுத்தால் அது இயக்குநர் கடனாகிவிடும். 10,000 பவுண்டைத் தாண்டும் அத்தகைய கடனைக் குறைந்த வட்டிக்கோ வட்டியில்லாமலோ எடுத்தால் அது சலுகையாகக் கணக்கிடப்பட்டு வரி வரும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் திருப்பாவிட்டால் கம்பெனியும் தனியாக வரி கட்ட வேண்டும். கான்ட்ராக்டர்களுக்கென்றே கடை விரித்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? போதாக்குறைக்கு, என்னிடம் கேட்காமலே அடுத்தடுத்துப் பல இடங்களில் விண்ணப்பித்து, ஹார்ட் சர்ச் எனப்படும் விசாரணைத் தடங்களை என் கடன் வரலாற்றில் பதிய வைத்துவிட்டார்கள். இனி நானே நேரில் போய்க் கேட்டாலும் அந்தத் தடங்கள் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

வேண்டாம் என்று மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அழைத்தால் எடுத்த தம்பி அதன்பின் எடுக்கவில்லை. உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, உங்கள் அதிருப்தி உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரே வாக்கியத்தை ஒட்டினார். மேலாளர் விடுமுறையில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு, கடன் வாய்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் எங்கள் வேலை முடிந்தது, 1,140 பவுண்டு திரும்பாது என்றார்கள்.

சட்டத்தைப் படித்த பிறகுதான் கம்பெனிப் பெயரின் சூட்சுமம் முழுவதும் விளங்கியது. நுகர்வோர் கடன் சட்டம் 1974, பிரிவு 155-இன்படி, தரகர் வழியாக ஆறு மாதத்துக்குள் கடன் ஒப்பந்தம் ஏற்படாவிட்டால் 5 பவுண்டுக்கு மேலான கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு தனிநபர்களுக்கும் சிறு தனி வணிகர்களுக்கும்தான். லிமிடெட் கம்பெனிக்கு இல்லை. எஃப்சிஏ அனுமதி பெற்ற நிறுவனமே ஆனாலும், கம்பெனிக்கான வணிகக் கடன் அந்தக் கண்காணிப்புக்கு வெளியே நிற்கிறது. ஒரே ஒரு பெயரை மாற்றி எழுதி, எனக்கிருந்த உரிமையை என் கையாலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். கடன் தரகுக் கட்டணத்துக்கு வாட் கிடையாதே, இந்த 190 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று என் கணக்காளர் கேட்டார். ரசீதை எடுத்துப் பார்த்தால், தரகு என்ற சொல்லே இல்லாமல் 'ஆவணத் தயாரிப்பு ஆலோசனை' என்று போட்டிருக்கிறார்கள்.

என் வங்கியிடம் போனேன். ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் இருக்கிறது, மிகச் சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. இருந்தும், இது மோசடி அல்ல, சேவை குறித்த சிவில் தகராறு என்று கை கழுவிவிட்டார்கள். இப்போது சிறு கோரிக்கை வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடன் உங்கள் பெயரில்தான் என்று அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி மட்டும் என்னிடம் இருக்கிறது.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஒட்டவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கடனுக்கு யாராவது கம்பெனியின் பெயரில் கையெழுத்துக் கேட்டால், என்ன காரணம் சொன்னாலும் போடாதீர்கள். முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஃப்சிஏ பதிவேட்டில் பெயர் இருப்பது போதாது. உங்கள் கடன் அந்தக் கண்காணிப்புக்குள் வருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மற்றக் கடன் நிறுவனங்களின் கண்ணில் படாத சாஃப்ட் சர்ச் மட்டும்தான் செய்யலாம் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். எஸ்ஏ302 ஒன்றுதான் இருக்கிறதென்றால், தரகரிடம் போவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். ஓர் ஆண்டுக் கணக்கையோ நடப்பு கான்ட்ராக்டையோ ஏற்கும் கடன் நிறுவனங்களும் உண்டு. இதே போன்ற ஒப்பந்தம் இப்போது உங்கள் மின்னஞ்சலில் காத்திருந்தால், பணத்தை அனுப்பாதீர்கள்.